மீசைக்குத் தேய்த்த மஞ்சள்

மல்லேஸ்வரத்தில் அம்மா வீட்டிலிருந்து திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். மார்க்கெட் ஓரம் கஸ்தூரி மஞ்சள் வாசனை வந்ததும் கால் தயங்கியது.

அம்மாவின் அந்த வீட்டில்தான் நான் பெண்ணாக வளர்ந்தேன். வெள்ளிக்கிழமைதோறும் அம்மா அந்த மஞ்சளைப் பாலில் குழைத்து என் மேலுதட்டில் எரிய எரியத் தேய்ப்பாள். "ஆடாதடி. மீசை வந்தா எவன் உன்னைக் கட்டுவான்?" அவள் உள்ளே போனதும் குழாயடியில் கழுவிவிடுவேன். மீசை வரட்டும் என்று வேண்டிக்கொள்வேன். பத்தாம் வகுப்போடு வீட்டை விட்டு ஓடினேன்.

இருபத்தைந்து வயதில், ஹார்மோன் ஊசி போட்டபிறகு மீசை வந்தது. குரல் உடைந்தது. தோள் அகன்றது. முன்நெற்றியில் முடி கொட்டியது. அதையும் என்னுடையது என்றே ஏற்றுக்கொண்டேன்.

அன்று, பல வருடம் கழித்து நான் போய் நின்றபோது, கதவைத் திறந்த அம்மா, "யாருப்பா வேணும்?" என்றாள். ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது.

"நான்தாம்மா."

என் தாடியையே பார்த்தாள். "அவ்வளவு மஞ்சள் தேச்சேனே" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

மறுநாள் காலை அத்திபெலேயில் ஒரு மசாலா மில்லில் வேலைக்குச் சேர்ந்தேன். மஞ்சள் அரைக்கும் மெஷினில் நிற்கச் சொன்னார்கள். மதியம் பார்த்தால் தாடியெல்லாம் மஞ்சள். குழாய் பக்கத்திலேயே இருந்தது. கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தேன்.