ஒரு புள்ளி வித்தியாசம்

பதுருன்னிசாவுக்குக் காது மந்தம் என்று யாராவது சொல்லிவிட்டால், சொன்னவருக்குத்தான் அன்றைக்கு நேரம் சரியில்லை. "வாயில என்ன கொழுக்கட்டையா? தெளிவாப் பேசினா கேக்காதா?" என்று பழியை எதிராளியின் தலையிலேயே கட்டிவிடுவாள். அவள் கணவர் சாகுல் ஹமீதுக்குச் சிங்கப்பூர் ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடை. பகலெல்லாம் கடையில் கத்திவிட்டு வீட்டுக்கு வந்து இங்கேயும் கத்த வேண்டியிருக்கிறதே என்று அந்த மனிதர் அலுத்துக்கொள்வார். அதுவும் அவள் காதில் விழாது என்ற தைரியத்தில்தான்.

தோ பாயோவில் பதினோராவது மாடியில் வீடு. அடுப்படி ஜன்னலுக்கு வெளியே எல்லோரும் துணி காயப்போடும் கம்பில், இவள் மட்டும் ஒரு செப்புக் கம்பியையும் காயப்போட்டிருந்தாள். அது ஏரியல். பதுருன்னிசா அமெச்சூர் ரேடியோக்காரி. பிழைப்புக்காக இல்லாமல் பிரியத்துக்காக ரேடியோவில் பேசுகிற கூட்டம் ஒன்று உலகம் பூராவும் உண்டு. பரீட்சை எழுதி உரிமம் வாங்கியவர்கள். அதில் வாயால் பேசுகிறவர்கள் ஒரு வகை. புள்ளியும் கோடுமாக, மோர்ஸ் தந்தியில் தட்டிப் பேசுகிறவர்கள் இன்னொரு வகை. இவள் இரண்டாவது வகை. வாயால் பேசுவதற்குத்தான் வீட்டில் ஆள் இருக்கிறாரே.

இந்தக் கிறுக்கை அவளோடு சேர்ந்து பிடித்துக்கொண்டவள் வசந்தகுமாரி. இருவரும் ஒரே எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில், ஒரே வரிசையில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஈயப்பற்று வைத்தவர்கள். சேர்ந்து படித்தார்கள், ஒரே நாளில் பரீட்சை எழுதினார்கள். வசந்தா செம்பவாங்கில், நிசா தோ பாயோவில். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகை முடிந்ததும் நிசா தட்ட ஆரம்பித்தால், அந்தப் பக்கம் குழம்பைக் கொதிக்கவிட்டு வசந்தா பதில் தட்டுவாள். தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டினார்கள், அதிலும் பாதி எழுத்தை விழுங்கிவிட்டு. ஓய்வு பெற்ற பிறகும் அது நிற்கவில்லை. வசந்தாவின் தட்டலை வைத்தே அவள் கோபமாக இருக்கிறாளா, முழங்கால் வலியா என்று நிசா சொல்லிவிடுவாள்.

அந்த வசந்தாவைத்தான் போன வருஷம் பக்கவாதம் அடித்துப் போட்டது. மூளையின் அடித்தண்டில் அடைப்பு என்றார்கள். பேச்சு போயிற்று, கை கால் போயிற்று, கண்ணும் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றுவிட்டது. எதிரே இருப்பவர் பேசுவது புரிகிறதா என்றே தெரியவில்லை. வலது கட்டைவிரல் மட்டும் அவ்வப்போது துடித்தது. வெறும் வெட்டிழுப்பு, அதற்கு அர்த்தம் கிடையாது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

நிசா அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் அந்த விரல் அழுத்தியது. சிறியது, பெரியது, சிறியது. நிசா அதைப் புள்ளியும் கோடுமாகப் படித்தாள். "ஐயோ, இவ பேசுறா! உள்ளதான் இருக்கா!" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். வசந்தா தட்டிய முதல் சேதி, தலையணை சரியில்லை என்பது.

அதன்பிறகு விரல் இன்னும் தளர்ந்துவிட்டது. அழுத்துவது கைக்குத் தெரியவில்லை. வசந்தாவின் மகன் வெங்கட் லேசாகப் பட்டாலே ஒலிக்கும் சின்ன பஸ்ஸர் ஒன்றைக் கட்டிலில் பொருத்திக் கொடுத்தான். மோர்ஸைப் படித்துச் சொல்லும் ஆப் ஒன்றையும் போனில் இறக்கிப் பார்த்தான். அம்மாவின் இழுத்து இழுத்துத் தட்டும் கையும், விழுங்கிய எழுத்தும் அதற்குப் பிடிபடவில்லை. ஆம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு என்று டாக்டர்கள் கேட்டுப் பார்த்தார்கள். வெட்டிழுப்பும் அதே விரலில்தான் வருகிறது, எந்தத் தட்டை நம்புவது? முழு வார்த்தையாக வந்தால் மட்டும் நம்பலாம். துடிப்புக்கு எழுத்துத் தெரியாது. ஆக, வசந்தகுமாரி என்ற மனுஷிக்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே வாய் பதுருன்னிசாதான். அந்த வாய்க்கு வழி அவள் காது.

அந்தக் காதுதான் போய்க்கொண்டிருந்தது.

அவளுக்கு அது தெரியாமல் இல்லை. வீட்டு ரேடியோவில் மோர்ஸ் ஒலியின் சுதியைக் குமிழைத் திருகி ஏற்றலாம், இறக்கலாம். சில வருஷமாகவே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டு வந்தாள். கீச்சுக் குரல் அவள் காதுக்கு எட்டவில்லை, கட்டைக் குரல் எட்டியது. வெங்கட்டின் பஸ்ஸரோ கொசு பாடுவதுபோலக் கீச்சென்று ஒலித்தது. முதலில் பாதி கேட்டாள், பாதி ஊகித்தாள். பிறகு ஊகமே பெரும்பங்காகிவிட்டது. ஒரு நாள் "முதுகைச் சொறி" என்று வசந்தா மூன்று முறை தட்டியும் இவள் டிவியைப் போட்டாள்.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எப்படிச் சொல்வாள்? "அந்த அம்மா நிஜமா இப்படிச் சொல்றாங்களா, இல்ல நீங்களா சொல்றீங்களா?" என்று டாக்டரே ஒருமுறை கேட்டிருந்தார். படித்துச் சொல்கிறவளுக்கே காது கேட்காது என்று தெரிந்தால் அப்புறம் யார் நம்புவார்கள்? வசந்தா மறுபடியும் துடிக்கிற வெறும் விரலாகிவிடுவாள். அந்தப் பயத்தில் நிசா வாயைத் திறக்கவில்லை. யாருக்கும் தெரியாமல் தேக்கா பக்கத்தில் ஒரு காதுப் பரிசோதனை நிலையத்துக்குப் போய், இரண்டு காதுக்கும் கருவி வாங்கி, முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டாள்.

கருவி வந்ததும் உலகமே சத்தம் போட்டது. பிளாஸ்டிக் பை நொறுங்கியது, லிஃப்ட் கதவு முனகியது. சாகுல் ஹமீது அலுத்துக்கொண்டதும் கேட்டது. "கேக்குது, கேக்குது, மெதுவா!" என்று அவள் அதட்டியதில் மனிதர் அரண்டுபோனார். இனி ஒன்றும் பயமில்லை என்று அவள் மனம் லேசாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் வசந்தாவுக்கு நுரையீரலில் சளி கட்டி, காய்ச்சல் ஏறி, ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இது முதல் தடவை இல்லை. டாக்டர் வெங்கட்டைத் தனியாகக் கூப்பிட்டு, மூச்சு நின்றுபோகும் நிலை வந்தால் மூச்சு மெஷினில் போடுவதா வேண்டாமா என்று கேட்டார். போட்டால் பிழைக்கலாம், ஆனால் மெஷினிலேயே கிடக்க வேண்டியிருக்கலாம். வெங்கட் தூணில் சாய்ந்து நின்றுவிட்டான்.

"நீங்க கேளுங்க ஆண்ட்டி," என்றான். "அம்மா உங்ககிட்டதான் உள்ளதைச் சொல்வாங்க."

நிசா கட்டிலருகே குனிந்து கேட்டாள். சுற்றி வளைக்கத் தெரியாதவள், நேராகவே கேட்டாள். "வசந்தா, மூச்சு நின்னா மெஷின் வைக்கலாமான்னு கேக்கிறாங்க. வேணுமா, வேணாமாடி?"

வெகுநேரம் கழித்து பஸ்ஸர் ஒலித்தது. வி, இ, என். அடுத்த எழுத்து நடுங்கிக்கொண்டே வந்தது, பாதி கரைந்தாற்போல. ஒரு புள்ளி, ஒரு கோடு. ஏ. பிறகு எம். வேணாம்.

திரும்பச் சொல் என்று கேட்டிருக்கலாம். தந்திக்காரிக்கு அது கௌரவக் குறைவே இல்லை, ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். ஆனால் வசந்தா களைத்துக் கண்ணை மூடிவிட்டாள். நிசா வெளியே வந்து சொன்னாள். வெங்கட் குழந்தைபோல அழுதான். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு போய் டாக்டரிடம், அம்மா வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள் என்றான்.

வீட்டுக்கு வந்த நிசாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனசை ஆற்றிக்கொள்ள ரேடியோவைப் போட்டாள். எங்கிருந்தோ ஒருவர் மோர்ஸில் தட்டிக்கொண்டிருந்தார். இரண்டு எழுத்து வந்தது, மூன்றாவது எழுத்தில் ஒலி தேய்ந்து காணாமல் போனது. மறுபடி வந்தது, மறுபடி தேய்ந்தது. ரேடியோதான் கெட்டுவிட்டது என்று அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். பிறகு ஏதோ தோன்றி, காதுக் கருவியைக் கழற்றிப் பார்த்தாள். ஒலி சன்னமாக இருந்தது, ஆனால் முழுசாக இருந்தது. மாட்டினாள். புள்ளிகள் மறைந்தன.

வேணாம் என்பதற்கும் வேணும் என்பதற்கும் அவர்கள் தட்டுகிற முறையில் ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஏ என்றால் ஒரு புள்ளி, ஒரு கோடு. யூ என்றால் இரண்டு புள்ளி, ஒரு கோடு. கருவி ஒரு புள்ளியைத் தின்றிருந்தால்? வேணும் என்று கெஞ்சியவளை, வேணாம் என்றாள் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாளா?

"யா அல்லாஹ், என் காதால அவளைக் கொன்னுடாதே," என்று வாய்விட்டு அழுதாள்.

மறுநாள் காதுப் பரிசோதனை நிலையம் திறக்குமுன்பே வாசலில் நின்றாள். கருவியைப் பொருத்திக் கொடுத்த திவ்யதர்ஷினி சின்னப் பெண். நிசாவின் போனில் இருந்த மோர்ஸ் ஒலியைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ஆண்ட்டி, இந்த மெஷின் ஸ்பீச்சுக்காக செஞ்சது லா. ஒரே சுதியில பீப்னு வந்தா, தானே விசில் அடிக்கிறோம்னு நினைச்சு அதுவே கட் பண்ணிடும். அது நாய்ஸ் ஆண்ட்டி."

"அது நாய்ஸ் இல்லம்மா," என்றாள் நிசா. "அது ஆளு."

குரலில் என்ன இருந்ததோ, அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றுவிட்டது. முழுக்கதையையும் கேட்டாள். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, பாட்டுக் கேட்பவர்களுக்கான தனி அமைப்பு ஒன்றைப் போட்டு, அதில் விசிலை வெட்டுகிற வேலையை அணைத்தாள். பொத்தானை அழுத்தினால் அதற்கு மாறிவிடும். "ஆனா அந்த பஸ்ஸர் சவுண்டு ரொம்ப ஹை ஆண்ட்டி. உங்க காதுக்கு லோ சவுண்டா இருந்தா நல்லா பிடிக்கும்," என்றாள்.

அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. நிசா வீட்டுக்கு ஓடி, பழைய சாமான் பெட்டியைக் கவிழ்த்து, கட்டைக் குரலில் ஒலிக்கும் சின்ன ஒலிப்பான் ஒன்றைத் தானே பற்றவைத்தாள். வாழ்க்கை பூராவும் ஈயம் வைத்த கை அன்றைக்கு விரலைச் சுட்டுக்கொண்டது.

ஆஸ்பத்திரி நடையில் வெங்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். முக்காட்டை விலக்கி இரண்டு காதையும் காட்டினாள்.

"எனக்குக் காது கேக்காது வெங்கட். ரொம்ப நாளா மறைச்சேன். நேத்து இந்த மெஷின் ஒரு புள்ளியை விட்டிருக்கலாம். உங்கம்மா வேணும்னுகூட சொல்லியிருக்கலாம்."

அறைந்துவிடுவான் என்றுதான் நினைத்தாள். அறைந்திருந்தால்கூடத் தேவலை. அவன் முகத்தில் பளிச்சென்று ஆசை எழுந்தது. "நிஜமாவா ஆண்ட்டி? அப்ப அம்மா வேணும்னு சொல்லியிருப்பாங்களா?" என்று அவள் கையைப் பற்றிக்கொண்டான். டாக்டரிடம் ஓடிப்போய், எதையும் முடிவு செய்யாதீர்கள், ஆண்ட்டி மறுபடி கேட்கிறார் என்று சொல்லிவிட்டு, மூச்சிரைக்க வந்து நின்றான்.

வசந்தா கண் திறக்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள். மூச்சு இரைந்துகொண்டிருந்தது. நிசா பழைய பஸ்ஸரைக் கழற்றிவிட்டுத் தன் ஒலிப்பானை மாட்டினாள். கருவியின் பொத்தானை அழுத்தினாள். வேணும் என்று சொல்லுடி, சொல்லிவிடுடி என்று மனசுக்குள் மன்றாடினாள். மறுபடி அதே கேள்வியைக் கேட்டாள்.

ஒலி வந்தது. கட்டையாக, உருண்டையாக, எதுவும் குறையாமல். பல வருஷமாக அவள் இப்படிக் கேட்டதே இல்லை. வி. இ. என்.

ஒரு புள்ளி.

இரண்டாவது புள்ளிக்காக அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. நீளமாகக் கோடுதான் வந்தது. பிறகு எம்.

யாரும் கேட்காமலே விரல் மறுபடி தட்டத் தொடங்கியது. எத்தனை தரம்டி சொல்றது. அந்த எரிச்சலும் அந்த இழுவையும் வசந்தாவைத் தவிர வேறு யாருக்கும் வராது. நேற்று கேட்டதும் சரியாகத்தான் கேட்டிருக்கிறது. காது கெட்டது என்ற சாக்கில் ஒரு இரவு முழுக்க நிசா தன் மனசுக்குள் அவளை உயிரோடு வைத்திருந்தாள், அவ்வளவுதான். இனி அந்தச் சாக்கும் இல்லை.

"என்ன சொன்னாங்க ஆண்ட்டி?"

வெங்கட்டுக்கு மோர்ஸ் தெரியாது. ஒரு புள்ளியைச் சேர்த்துச் சொல்லிவிட்டால் இந்த உலகத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அவன் முகத்தைப் பார்க்கப் பார்க்க அந்தப் புள்ளி அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கட்டிலில் இரண்டு கண்களும் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடந்தன. பேச முடியாதவள் தன் வார்த்தையை இவளிடம் கொடுத்துவிட்டு, அது போய்ச் சேருவதற்காகக் காத்திருந்தாள்.

"வேணாம்னு சொல்றாப்பா," என்றாள் நிசா.

வெங்கட் நம்ப மறுப்பவன்போலத் தலையை ஆட்டினான். "சரியாக் கேட்டுச்சா ஆண்ட்டி? ஒரு புள்ளி கிள்ளி விட்டிருக்கப் போகுது."

"இல்லப்பா," என்றாள் நிசா. "நல்லாக் கேட்டுச்சு."