ஹகோபாவின் மூச்சு

ஹகோபா சிகரெட்டைத் தொட்டவனே இல்லை. அவன் பெரிய ஒழுக்கசீலன் என்று நினைத்துவிட வேண்டாம். பியர் குடிப்பான், கெட்ட வார்த்தை பேசுவான், ரக்பி பார்க்கும்போது அடுத்த வீட்டுக்காரனோடு மல்லுக்கு நிற்பான். ஆனால் புகை மட்டும் கிடையாது. மூச்சுதான் அவனுக்குப் பெயர், மூச்சுதான் அவனுக்குக் கர்வம்.

கிஸ்போர்ன் நகருக்கு வடக்கே, அவன் ஊர்க் கடற்கரையில், பாறைக்கடியில் ஒட்டிக்கிடக்கும் பாவா சிப்பியை எடுக்கக் காற்று உருளை கட்டிக்கொண்டு இறங்கக் கூடாது. சட்டம் அப்படி. இழுத்த ஒரே மூச்சோடு இறங்கி, கத்தியால் நெம்பி, அது தீருமுன் மேலே வந்துவிட வேண்டும். வார நாட்களில் ஹகோபா மர ஆலையில் பலகை அடுக்குகிறவன்தான். ஆனால் மராயில், அதாவது அவர்கள் குலத்தின் பொது மண்டபத்தில், சாவோ கல்யாணமோ வந்துவிட்டால் எல்லோரும் அவன் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். விருந்தாளியின் தட்டில் பாவா இல்லையென்றால் குலத்துக்கே தலைகுனிவு. மற்றவர்கள் முழங்கால் தண்ணீரில் தடவிக்கொண்டிருக்க, அவன் யாரும் போகாத ஆழத்தில் இறங்கி வலை நிறையக் கொண்டுவருவான்.

இப்பேர்ப்பட்டவனுக்கு ஒரு குறை இருந்தது. மராயில் வேலை முடிந்ததும் ஆண்கள் சமையல்கூடத்தின் பின்னால் போய் நின்று புகைப்பார்கள். ஊர்க்கதை, கிண்டல், யார் யாரோடு ஓடிப்போனது, எல்லாம் அங்கேதான் அரங்கேறும். ஹகோபா உள்ளே பாத்திரம் துடைத்துக்கொண்டிருப்பான். வெளியே வெடிச்சிரிப்புக் கேட்கும்போதெல்லாம், நம்மைப் பற்றித்தானோ என்று அவனுக்கு உறுத்தும். வளர்ந்த ஆண்பிள்ளைக்கு இது ஒரு கவலையா என்று கேட்கலாம். தனியாக நின்றவனுக்குத்தான் அது தெரியும்.

அப்புறம் ஒருநாள் மராய்க்குச் சுகாதார நர்ஸ் ஒருத்தி பெட்டி நிறைய வேப் கொண்டுவந்தாள். பேட்டரியில் ஓடி வாசனை ஆவி விடுகிற குழல். சிகரெட்டை விட முடியாதவர்கள் அதற்குப் பதில் இதைப் பிடித்துப் பாருங்கள் என்று கொடுத்தாள். "புகைக்காதவங்க இதைக் கையாலகூடத் தொட வேணாம், உங்களுக்கு இது மருந்து இல்ல" என்று தெளிவாகத்தான் சொன்னாள். அந்த நேரத்தில் தேநீர் வந்துவிட்டது. பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள்.

ஹகோபாவின் மச்சினன் மனாஹி, அதாவது மனைவியின் தம்பி, சின்ன வயதிலிருந்தே சிகரெட்டில் ஊறியவன். வேப்புக்கு மாறிய சில மாதங்களில் அவன் இருமல் அடங்கியது. ஹகோபா கூடக் கடலில் இறங்கவும் ஆரம்பித்துவிட்டான். ஒருநாள் சமையல்கூடத்துக்குப் பின்னாலிருந்து அவன்தான் கூப்பிட்டான்.

"மச்சான், அந்தத் துணியைக் கடாசிட்டு வா இங்க. பொம்பளை மாதிரி எத்தனை நாளைக்குத் தட்டு துடைப்பே?"

"நமக்கு ஆகாதுப்பா. நெஞ்சுக்கூடு போயிடும்."

"அட, இது புகை இல்ல மச்சான், வெறும் ஆவி. உன் கெட்டில்ல வருதே, அதேதான். மாம்பழ வாசனை வேற."

கெட்டில் ஆவியை யாரும் நெஞ்சுக்குள் இழுப்பதில்லை. அது ஹகோபாவுக்குத் தோன்றவில்லை. இழுத்தான். தலை கிறுகிறுத்தது, தொண்டை காந்தியது, சுற்றி நின்றவர்கள் முதுகில் தட்டிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் தானும் இருப்பது அவனுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஒருநாள் கூத்தாக ஆரம்பித்தது கோடை முடிவதற்குள் சட்டைப்பைக்குக் குடிவந்துவிட்டது. அதிலிருந்த நிகோடின், பழகாத உடம்பைப் பிடித்த வேகம் அவனுக்கே புரியவில்லை. ஆலையில் இடைவேளை தள்ளிப்போனால் மேஸ்திரியின் மேல் எரிந்து விழுந்தான். காலையில் பல் தேய்க்குமுன் ஒரு இழுப்பு. படகைத் தள்ளுமுன் ஒரு இழுப்பு.

கடலுக்குள் கணக்கு மாறத் தொடங்கியது. வழக்கமான பாறைக்குப் போய்ச் சேரும்போதே நெஞ்சு அடித்துக்கொண்டது. முன்பு ஒரே இறக்கத்தில் வலையில் பாதி நிரம்பும். இப்போது கைக்கு ஒன்றோ இரண்டோ தேறினாலே பெரிது. புது ரப்பர் உடை இறுக்கம் என்றான். தண்ணீர் குளிர் என்றான். வயதாகிறது என்று தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்தான், அது பிடிக்காமல் விட்டுவிட்டான்.

மனைவி மகரேட்டாவுக்குச் சந்தேகம் வந்தது.

"என்ன இருமல் இது? மாடிப்படி ஏறினதுக்கே இப்படி இரைக்குது உனக்கு."

"தூசி. ஆலையில தூசி."

"இத்தனை வருஷமா இல்லாத தூசியா? டாக்டர்கிட்ட போய்யா. மூச்சு நல்லாத்தான் இருக்கா?"

"மீன் மாதிரி இருக்கு. சும்மா நோண்டாதே."

டாக்டரிடம் போனால் கடலை விடு என்பார். அப்புறம் ஹகோபா யார்? பலகை அடுக்குகிறவன். அந்தப் பயத்தில்தான் அவன் எந்த முக்குளிப்பவனும் செய்யக் கூடாத வேலையைச் செய்தான். இறங்குமுன் மளமளவென்று வேகமாக மூச்சு விட்டு இழுத்தான். அப்படிச் செய்தால் மூச்சுமுட்டும் உணர்வு தள்ளிப்போகும். கூடக் கொஞ்ச நேரம் கீழே இருக்கலாம். ஆனால் அது உடம்பை ஏமாற்றுகிற வேலை. மூச்சு வேண்டும் என்று தோன்றுமுன்பே மயக்கம் வந்து ஆளைச் சாய்த்துவிடும். இதை அந்தக் கரையில் எத்தனையோ பேருக்குத் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தவனே ஹகோபாதான். தன் குறைந்த மூச்சை மறைக்க, இப்போது அதையே படகில் உட்கார்ந்து செய்தான். பக்கத்தில் மனாஹி பார்த்துக்கொண்டிருந்தான்.

பெரியம்மா ஒருத்தியின் கல்லறையில் நட்ட பெயர்க்கல்லைத் திறந்துவைக்கும் விழா வந்தது. ஆக்லாந்திலிருந்தெல்லாம் உறவு வருகிறது. விழாவுக்கு முதல் நாள் காலை ஹகோபாவும் மனாஹியும் படகில் போனார்கள். ஒருவன் கீழே போனால் மற்றவன் மேலே கண் வைத்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முறை. ஹகோபா சில தடவை இறங்கிக் களைத்துப் படகில் ஏறி, வேப்பை எடுத்தான். மனாஹி தண்ணீரில் மிதந்தபடி மளமளவென்று மூச்சு விட்டு இழுத்தான்.

"டேய், அப்படிச் செய்யாதேன்னு சொல்லியிருக்கேன்ல!"

"நீ மட்டும் செய்யலாமா? வலை காலியா இருக்கு மச்சான். உனக்கு வயசாயிடுச்சு, ஓரமா உக்காந்து மாம்பழம் குடி" என்று சிரித்துவிட்டு உள்ளே போனான்.

தடுக்க நேரமில்லை. ஹகோபா விளிம்பில் குனிந்து பார்த்தான். மனாஹி பாறையை விட்டு எழும்பினான், பாதி வழியில் அவன் கால்கள் அசைவதை நிறுத்தின. ஆழத்துக்கு இறங்குவதற்காக இடுப்பில் கட்டிய எடைக் கச்சையோடு மெதுவாகத் திரும்பக் கீழே இறங்கினான்.

ஹகோபா குதித்தான். அது அவனுக்குப் பழக்கமான ஆழம்தான், கண்ணை மூடிக்கொண்டு போய்வந்த ஆழம். பாதியிலேயே நெஞ்சு இழுத்துப் பிடித்தது, வாய் தானாகத் திறக்கப் பார்த்தது. மேலே வந்தான். இருமினான். மறுபடி போனான். மனாஹியின் முகம் தெரிகிற தூரம் வரை போய்விட்டான், விரலை நீட்டினால் தொட்டுவிடலாம் போல. தொட முடியவில்லை. திரும்பத் திரும்பப் போனான். கடைசியில் இடதுபக்க நெஞ்சில் கத்தி செருகியதுபோல் வலிக்க, கச்சையை அவிழ்த்து எப்படியோ இழுத்துக்கொண்டு வந்தான். அவன் கொண்டுவந்தது பிணத்தை.

ஆஸ்பத்திரியில் ஹகோபாவுக்கு நுரையீரல் ஒன்று சுருங்கிவிட்டது என்று விலாவில் குழாய் போட்டார்கள். இனி கடலில் முக்குளிக்கக் கூடாது என்றார்கள். சிகிச்சை முடியுமுன்பே, தன் பொறுப்பில் போவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு மராய்க்கு வந்துவிட்டான். டாக்டர் கத்தினார். அடக்கத்துக்கு இல்லாமல் இருப்பானா?

குலத்துப் பெரியவர்கள் அந்தக் கடலுக்குத் தடை விதித்துவிட்டார்கள். ஆள் மாண்ட கடலில் யாரும் கைவைக்கக் கூடாது. வந்த உறவுக்குக் கடையில் வாங்கிய கோழிதான் பரிமாறினார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. "உயிரைப் பணயம் வெச்சு இறங்கினான்" என்று கிழவர்கள் ஹகோபாவின் நெற்றியில் நெற்றியும் மூக்கில் மூக்கும் வைத்து அழுதார்கள். அவனுக்கு அது சவுக்கடியாக இருந்தது.

திறந்த பெட்டியருகே நின்று, இறந்தவனிடம் உயிரோடிருப்பவனிடம் பேசுவதுபோல் பேசுவது அங்கே வழக்கம். திட்டுவதும் உண்டு. ஹகோபா விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"மனாஹி, என் மூச்சு போயி ரொம்ப நாளாச்சுடா. தெரிஞ்சும் மறைச்சேன். அந்த வேகமூச்சையும் என்னைப் பாத்துத்தான் நீ கத்துக்கிட்டே. பழைய ஹகோபாவா இருந்தா மொத இறக்கத்துலயே உன் முடியைப் பிடிச்சுத் தூக்கியிருப்பேன். அந்தக் கருமத்தை இழுத்து இழுத்து உன் உயிரையும் சேத்து இழுத்துட்டேன்டா."

துக்கத்தில் பேசுகிறான் என்று பெரியவர்கள் அவனை உட்கார வைத்தார்கள். தன் மேலேயே பழி போட்டுக்கொள்ளாதே, கடல் எடுத்துக்கொண்டது என்றார்கள். மகரேட்டா மட்டும் தம்பியின் கால்மாட்டிலிருந்து நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவள் ஒவ்வொரு வார்த்தையையும் நம்பினாள்.

குழிக்குள் மண்ணை உறவு ஆண்களே தள்ள வேண்டும். குழாய்ப் புண்ணோடு ஹகோபாவும் மண்வெட்டி பிடித்தான். வெளியே வரும்போது, வழக்கப்படி இடுகாட்டு வாசலில் வைத்திருந்த தண்ணீரில் கை கழுவினான். எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

மகரேட்டா அவனைத் தேடிக்கொண்டு போனாள். விறகுக் கொட்டகைக்குப் பின்னால் மாம்பழ வாசனை வந்தது. அவன் சுவரில் சாய்ந்து, விலாவை அழுத்திக்கொண்டு, கண்ணீர் ஒழுக இழுத்துக்கொண்டிருந்தான்.

"இன்னைக்குமா?"

"விட முடியல, மகரேட்டா. சத்தியமா முடியல."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது.

"என் தம்பி மேல போட்ட மண்ணு இன்னும் உன் நகத்துல இருக்கு" என்றாள்.

அவன் தன் விரல்களைப் பார்த்தான். இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, அந்தக் கையாலேயே குழலை வாய்க்குக் கொண்டுபோனான்.