பிளேடு படாத மச்சங்கள்

பெங்களூர் அல்சூரில் சலூன் வைத்திருக்கிறேன். இரண்டு நாற்காலி. ஒவ்வொரு ஆளுக்கும் புது பிளேடு, அவர் கண்ணெதிரில்தான் பிரிப்பேன். என்னைக் கோபக்காரன் என்பார்கள். கோபக்காரன்தான். ஆனால் சுத்தமில்லை என்று யாரும் சொன்னதில்லை, அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும்.

கடை நிறைய ஆள். பத்து வருஷமாக என்னிடம் முடி வெட்டிக்கொள்ளும் ஒருத்தர் வாசலிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். வைட்ஃபீல்டில் ஒரு ஆபீஸுக்கு வேன் ஓட்டுகிறவர். எப்போதும் என்னை அண்ணா என்பவர், அன்று சொல்லவில்லை. காலரை இழுத்துப் பின்கழுத்தைக் காட்டினார். அங்கே அவருக்கு மிளகளவு மச்சம் உண்டு. அதன்மேல் படாமல்தான் எப்போதும் பிளேடு ஓட்டுவேன். இப்போது மச்சத்தைச் சுற்றிச் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சிவந்து செதில் உரிந்திருந்தது.

"பாருங்க எல்லாரும், இவன் பிளேடு குடுத்த படர்தாமரை!"

"மரியாதையா பேசுங்க."

"எவன் கழுத்துல வெச்ச பிளேடோ, அதை என் கழுத்துல வெச்சிருக்கே!"

காத்திருந்த ஒருத்தர், "நான் அப்புறம் வரேன் குரு" என்று எழுந்து போனார். இந்தத் தெருவில் இப்படி ஒரு பேர் வந்தால் கடையை மூட வேண்டியதுதான். நாற்காலியில் சோப்பு நுரையோடு இருந்தவர், "அண்ணா, மீதி மூஞ்சிய மட்டும் முடிச்சிடுங்க, போயிடறேன்" என்றார்.

வேன்காரர் கத்தும்போதே சட்டைக்கு மேலாக வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தார். நான் கவனித்தேன்.

"அங்க என்ன?"

"அங்கயும் அரிக்குது. அதுக்கென்ன இப்போ?"

"சட்டையைத் தூக்குங்க."

தூக்கினார். வயிற்றில் மூன்று மச்சம். ஒன்று சும்மா இருந்தது. மற்ற இரண்டைச் சுற்றியும் அதே சிவப்பு வளையம்.

"இங்க எப்போ நான் பிளேடு வெச்சேன்?"

"வயித்துக்கும் கட்டிங் பண்ற கடையா இது?" என்றார் சோப்புக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஜெயித்துவிட்டேன் அல்லவா.

அவர் சிரிக்கவில்லை. குனிந்து வயிற்றையே பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "அப்போ இது உள்ளேருந்து வருதாண்ணா? மச்சம் மாறினா கேன்சர்னு போன்ல போட்டிருக்கான்."

அப்போதுதான் புரிந்தது. என் பிளேடால் வந்தது என்றால் அது வெறும் படர்தாமரை. அந்த ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் கடைக்கு வந்து கத்தியிருக்கிறார். அதையும் ஆள் பார்க்கப் பிடுங்கிவிட்டேன். கோபம் முழுசாகப் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"நீங்களே சீவி எடுத்துடுங்கண்ணா. இல்லேன்னா சுண்ணாம்பு வெச்சுப் பொசுக்கிடறேன்."

"செருப்பு பிஞ்சிடும். மச்சத்துல கை வெக்காதீங்க. செவ்வாய்க்கிழமை கடை லீவு. டாக்டர்கிட்ட போறோம்."

தோல் டாக்டர் ஒரு அம்மா. விளக்கு வைத்த லென்ஸால் ஒவ்வொரு மச்சத்தையும் பொறுமையாகப் பார்த்தார். "மச்சத்தைச் சுத்தி எக்ஸிமா. சிலருக்கு இப்படி வரும், ஏன்னு சரியா தெரியாது. மத்தவங்களுக்கு ஒட்டாது. மச்சம் பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆயின்மென்ட் தடவுங்க. சிவப்பு அடங்கினதும் மச்சத்தை மறுபடியும் நான் பார்க்கணும், கட்டாயம் வாங்க."

"பிளேடால வந்ததா மேடம்?" என்று நான் கேட்டேன்.

"நீங்க யாரு?"

"பிளேடு வெச்சவன்."

"வயித்துலயுமா வெச்சீங்க?" என்று சிரித்துவிட்டு, "இல்லப்பா" என்றார்.

சில வாரத்தில் வளையம் மறைந்தது. மச்சம் அப்படியே இருந்தது. டாக்டர் மறுபடி பார்த்து, பயமில்லை என்று அனுப்பினார். அன்று சாயங்காலமே வேன்காரர் கடைக்கு ஓடி வந்தார். ஆள் யாருமில்லை. மன்னிச்சுக்கோங்கண்ணா என்றார்.

"இப்போ வேணாம். ஞாயித்துக்கிழமை வாங்க. அன்னிக்குத்தானே திட்டுனீங்க."

வந்தார். காத்திருந்த ஒவ்வொருத்தருக்கும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டி, "இங்க இருந்தது அண்ணன் பிளேடால வந்ததில்ல" என்றார். போதும் உட்காருங்க என்று நான்தான் இழுத்து உட்கார வைத்தேன்.

சண்டையன்று எழுந்து போனவர் மட்டும் இன்னும் வரவில்லை. வரட்டும். அவருக்கும் புது பிளேடுதான்.