சந்துப் பக்கச் சுவர்

திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. பாகம் பிரித்தபோது பின்பக்கத்துப் பழைய ஓட்டு வீடு எங்களுக்கு வந்தது. முன்பக்கத்து மாடி வீடு என் கணவரின் அண்ணனுக்குப் போனது. அவர்கள் வந்தவுடன் ஏ.சி. மாட்டிக்கொண்டார்கள்.

என் மகளுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை. அந்தச் சித்திரையில் அவளுக்கு வேர்க்குரு வந்து, தலையெல்லாம் கட்டியாகப் பழுத்துவிட்டது. ஓட்டிலிருந்து இறங்கும் அனலில் மின்விசிறி வெக்கைக் காற்றைத்தான் சுழற்றியது. ஒரு மத்தியானம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணன் மனைவி அறைக்கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். உள்ளேயிருந்து வந்த குளிர் என் முழங்கையில் பட்டது.

"அக்கா, இவள மட்டும் கொஞ்ச நேரம் இங்க படுக்க வைக்கட்டுமா?"

"நாங்களே இப்பதான் படுத்தோம். புள்ள அழுதா யாரும் தூங்க முடியாது. ஈரத்துணிய போத்தி விடு."

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் போடும் சத்தமும் கேட்டது.

நான் சண்டை போடவில்லை. மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். சீட்டு கட்டினேன். மகள் பத்தாவதுக்குப் போன வருடம் ஏ.சி. மெக்கானிக்கை அழைத்து வந்தேன். அவர் அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்.

"இதுல ஏ.சி. போட்டா தெருவுக்கே போட்ட மாதிரிங்க. ஓட்டு இடுக்குலயே குளிரெல்லாம் போயிடும்."

அதற்கும் செலவழித்தேன். ஓட்டுக்குக் கீழே தெர்மாகோல் அடித்து, பொய்க்கூரை போட்டு, ஜன்னல் இடுக்குகளில் ரப்பர் ஒட்டினோம். வெளியே வைக்கும் பெட்டிக்கு அவர் கொல்லைப்பக்கத்தைக் காட்டினார். அங்கே நிழல், இயந்திரத்துக்கு நல்லது என்றார்.

"ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கிற சந்துப் பக்கம் வைங்க," என்றேன்.

"நேர் எதிர்ல முன் வீட்டு அடுப்படி ஜன்னல் இருக்கேங்க. அனல் பூரா உள்ள போகும்."

"சந்து எங்க பங்குல வந்தது. வைங்க."

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் துளை போட ஆரம்பித்தார்.

நான்காவது நாள் அண்ணன் மனைவி வந்தாள். கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

"அடுப்பு முன்னால நிக்க முடியலடி. கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லேன்."

இந்த ஒரு நாளுக்காக நான் எத்தனையோ பதில்களைச் சேர்த்து வைத்திருந்தேன். அவளைப் பார்த்ததும் எதுவும் தேவைப்படவில்லை.

"மாத்த முடியாதுக்கா," என்றேன். அவ்வளவுதான்.

என் கணவர் சாப்பிடும்போது மெல்லப் பேச்செடுத்தார். "அண்ணன் கேக்குறாரு. ஆயிரம் இருந்தாலும் ஒரே ரத்தம்."

"அப்ப நீங்க போய் அந்த அடுப்படியில படுத்துக்குங்க."

அதன்பிறகு அவர் கேட்கவில்லை. வைகாசி பிறப்பதற்குள் அவர்கள் அந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். பகலிலும் விளக்குப் போட்டுத்தான் சமைக்கிறாள் என்று பால்காரம்மா சொன்னாள். அன்று எனக்குச் சோறு ருசித்தது.

என் மகளுக்குத்தான் இந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. மூக்கடைக்கிறது என்று தன் அறையை விட்டுப் பாயை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விடுகிறாள்.

"யாருமே இல்லாத ரூமுக்கு எதுக்கும்மா ஏ.சி.?" என்று நேற்றுக்கூடக் கேட்டாள்.

நான் ரிமோட்டை எடுத்தேன். இன்னும் இரண்டு டிகிரி குறைத்து வைத்தேன்.