பதினேழாம் மாடி: உதவி தேவையில்லை

அந்தப் படிவத்தைச் செய்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு நடந்ததை எல்லாரும் மழையின் தலையில் போட்டார்கள். என் தலையில் ஒருவரும் போடவில்லை.

கனடாவில், சென் ஜேம்ஸ் ரவுணில், எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் பதினொன்றாம் மாடியில் நானும் அம்மாவும் இருக்கிறோம். பல்கலைக்கழகத்தில் அந்த வருடம் எனக்கு அனர்த்த முகாமைத்துவம் என்று, பேரிடர் வந்தால் என்ன செய்வது என்பது பற்றி ஒரு பாடம். மூன்றாவது வகுப்போடு பித்துப் பிடித்துவிட்டது. அதற்கு முந்திய கோடையில்தான் ஒரு பெருமழைக்குப் பக்கத்துக் கட்டடத்தின் நிலக்கீழ் மின்னறைக்குள் தண்ணீர் போயிருந்தது. லிப்ட் இல்லாமல் ஆட்கள் இரண்டு நாள் படியேறித் திரிந்ததைப் பார்த்திருந்தேன். எங்கள் கட்டடமும் அதே வயதுதான், அதே கோலம்தான். எங்களுக்கும் வரும் என்று எனக்குத் தெரிந்தது. கட்டிலுக்குக் கீழே தண்ணீர்ப் போத்தல், றோச் லைற், பற்றரி ரேடியோ, மூன்று நாளுக்கு ரின் மீன், பிஸ்கட் எல்லாம் அடுக்கினேன். கறி வைக்கப் பஞ்சிப்படும் நாட்களில் அம்மா அந்த ரின் மீனில் கை வைப்பார். நான் கத்துவேன். எங்கள் வீடு முடிந்ததும் மற்ற வீடுகளைப் பிடித்துக்கொண்டேன்.

படிவம் ஒரே பக்கம். வீட்டில் எத்தனை பேர், என்ன மருந்து எடுக்கிறீர்கள், படி இறங்க முடியுமா. கடைசியில் தடித்த எழுத்தில்: கரண்ட் நின்றால் உதவி தேவையா? ஆம், இல்லை. இரண்டு பெட்டிகள்.

அம்மா கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

“என்னடி, சென்சஸ் எடுக்கப் போறியோ?”

“நக்கலடிக்காதேங்கோ. நல்லா இருக்கோ, இல்லையோ?”

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கடைசிக் கேள்விக்குத்தான் ஒருத்தரும் ஓம் சொல்லமாட்டினம்.”

“ஏன்? தேவையெண்டாச் சொல்லத்தானே வேணும்.”

“முதல்தரம் கேட்கேக்க ஆரடி ஓம் எண்டுறது? ஒரு வீட்டில தேத்தண்ணி குடிக்கிறியோ எண்டு கேட்டா நீ உடன கையை நீட்டுறனியோ?”

நீட்டுவதில்லைதான். முதல்தரம் கேட்டால், ‘வேண்டாம் அன்ரி, இப்பதான் குடிச்சனான்.’ இரண்டாம்தரம், ‘சும்மா கஷ்டப்படாதேங்கோ.’ மூன்றாம்தரம் கேட்டால்தான், ‘சரி, அப்ப அரைக் கப்.’ கனடாவில் வளர்ந்த எனக்கே இது தானாக வரும். தொண்டை காய்ந்துபோய் இருந்தாலும் முதலில் வேண்டாம் என்றுதான் வாய் சொல்லும்.

“அதுக்கு மூண்டு பெட்டி போடவோ?” என்று கேட்டுச் சிரித்துக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

பதினேழாம் மாடியில் ஒரு அன்ரி தனியே இருந்தார். மன்னார்ப் பக்கம். கணவர் இறந்து சில வருடம். முழங்கால் வருத்தம் இருந்தும் மாதா கோயிலில் காலைப் பூசைக்கு ஒவ்வொரு நாளும் நடந்து போவார். திரும்பி வரும்போது தமிழ்க் கடையில் ஒரு கட்டுக் கீரையோடு வந்து லிப்டில் என்னைப் பிடித்துக் கதைப்பார். மகள் நகருக்கு வெளியே அஜக்ஸில் வீடு வாங்கி, கீழ்த்தட்டில் தாய்க்கென்று ஒரு அறையை ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். அன்ரிக்கு அங்கே போக விருப்பமில்லை.

“அங்க பால் முடிஞ்சாலும் மருமகன் கார் எடுக்கோணும், பிள்ளை. இஞ்ச எனக்கு என்ர காலே காணும், எங்கயும் நடந்து போவன். ஆனா மகள் பாத்துக்கொண்டு நிக்கிறாள். எனக்கு ஒருநாள் ஏதும் நடக்கட்டும், அடுத்த நாளே ஏத்திக்கொண்டு போயிடுவாள்.”

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் அன்று அவர் கதவைத் தட்டினேன்.

“வாரும், வாரும். உள்ளுக்க வந்து இரும். தேத்தண்ணி போடுறன்.”

“இல்லை அன்ரி, இன்னும் கன வீடு கிடக்கு. படி இறங்குவீங்களோ?”

“மெல்ல மெல்ல இறங்குவன்.”

“கரண்ட் நிண்டா உதவி தேவையோ?”

“எனக்கென்ன உதவி? நான் நல்லா இருக்கிறன். ஏலாத ஆக்கள் இருக்கினம், அவையைப் பாரும்.”

‘இல்லை’ பெட்டியில் ஒரு சரி. வாசலிலேயே நின்று, மூன்று நிமிடத்துக்குள். உதவி தேவை என்று தன் பெயருக்கு எதிரே ஒரு தாளில் எழுதினால் அது எப்படியும் மகளின் காதுக்குப் போகும் என்று அவர் பயந்திருக்கலாம். இது எனக்கு எவ்வளவோ பிந்தித்தான் தோன்றியது. அன்றைக்கு அடுத்த கதவைத் தட்டுகிற அவசரம்.

அடுத்த யூலையில் ஒரு வேலைநாள் முற்பகல், வானம் அப்படியே கொட்டியது. மதியத்துக்கு முன் கரண்ட் போயிற்று. நான் சொன்னபடியே மின்னறைக்குள் தண்ணீர். லிப்ட் நின்றது. தண்ணீர் ஏற்றும் பம்பும் நின்றதால் மேல்மாடிகளின் குழாய்கள் இருமிவிட்டு அடங்கின.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஒரு வருடம் காத்திருந்த சோதனைக்குக் கேள்வித்தாள் கைக்கு வந்ததுபோல. செம்மஞ்சள் மேலங்கியைப் போட்டேன். கூடப் படிக்கும் இரண்டு பேரைக் கூப்பிட்டேன். ‘ஆம்’ என்று சொன்ன பதினொரு வீடுகளின் பட்டியல் கையில் இருந்தது. இன்சுலினை ஐஸ் பெட்டிக்கு மாற்றினோம். தண்ணீர்க் கான்களைச் சுமந்தோம். ஒரு கைக்குழந்தைக்காரியை, அவரின் பையை எங்கள் முதுகில் போட்டுக்கொண்டு, கீழே இறக்கினோம். ஒவ்வொன்றையும் கட்டடத்து வட்ஸ்அப் குழுவில் போட்டேன், இதயங்கள் குவிந்தன.

இரண்டாம் நாள் பின்னேரம், பத்தொன்பதாம் மாடிக்குத் தண்ணீர் கொண்டு போகிற வழியில், பதினேழில் நின்று மூச்சு வாங்கினேன். நின்றதுதானே என்று அன்ரியின் கதவைத் தட்டினேன். அன்ரி கதவைப் பாதி திறந்தார். உள்ளே இருட்டு. சூடு முகத்தில் அடித்தது.

“தண்ணி இருக்கோ, அன்ரி?”

“கிடக்கு, கிடக்கு. நீர் மற்றாக்களைப் பாரும். ஐயோ, உமக்குத்தான் வேர்த்துக் கொட்டுது. கொஞ்சம் இருந்திட்டுப் போமன்.”

என் இரண்டு கையிலும் இரண்டு கான். இரண்டும் பத்தொன்பதுக்கு. பட்டியலில் அப்படித்தான் இருந்தது. “பிறகு வாறன், அன்ரி” என்று ஓடினேன். பிறகு போகவில்லை. அவர் என்னை இருக்கச் சொன்னபோது குரல் எப்படி இருந்தது என்று இப்போது எத்தனையோ தரம் நினைத்துப் பார்க்கிறேன். ஞாபகம் வருவதில்லை. நான் கேட்டிருக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை அன்ரியின் மகள் வந்தார். தாயின் போன் பற்றரி செத்து ஒன்றரை நாள். அலுவலகச் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பதினேழு மாடியும் ஏறியிருக்கிறார். அன்ரி குசினி வாசலில் விழுந்து கிடந்தார். நினைவு இருந்தது, எழும்பத்தான் முடியவில்லை. மேசையில் ஒரு கூசாவில் கால்வாசித் தண்ணீர். கழிவறைக்கு ஊற்றத் தண்ணீர் இல்லையென்று குடிப்பதையே குறைத்து, மிடறு மிடறாய் அதை வைத்து ஓட்டியிருக்கிறார். பிரஷர் மாத்திரைகளைத் தண்ணீரில்லாமல் விழுங்கியிருக்கிறார்.

அம்புலன்ஸ்காரர் நாற்காலியில் கட்டி அவரை இறக்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் கதவைப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் போனேன். மேலங்கியைக் கழற்றக்கூட எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்ரி தலையணையில் சாய்ந்து இருந்தார், கையில் சேலைன். முகம் தெளிந்திருந்தது. கட்டிலின் மற்றப் பக்கத்தில் மகள்.

“கரண்ட் வந்திட்டுதோ, பிள்ளை?”

“வந்திட்டுது, அன்ரி. லிப்டும் ஓடுது.”

“அப்ப திங்கக்கிழமை வீட்டை போகலாம்.”

“எந்த வீட்டை, அம்மா?” என்றார் மகள்.

“என்ர வீட்டை. வேற எந்த வீட்டை? இந்தப் பிள்ளை இருக்கிறா. கட்டடம் முழுக்க இவதான் பாக்கிறா. கேட்டுப் பாரன்.”

மகள் என் பக்கம் திரும்பினார். அழுது முடித்த கண்.

“தங்கச்சி, நான் உம்மைப் பிழை சொல்லேல்லை. ஒண்டு மட்டும் கேக்கிறன். ஒரு நாளைக்கு ஒருக்கா அம்மாவைப் போய்ப் பாப்பீரோ? மழையெண்டாலும், சோதினையெண்டாலும், டெய்லி. நீர் ஓம் எண்டு சொன்னா நான் அவவை விடுறன்.”

ஆறு மாடி. லிப்டில் அரை நிமிடம்கூட இல்லை. அன்ரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நானோ மனதுக்குள் கலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தேன். செப்டெம்பரில் வகுப்புத் தொடங்கும், பனிக்காலத்தில் ஒட்டாவாவில் வேலைப் பயிற்சி கிடைத்தாலும் கிடைக்கும். இன்னொரு முறை பிழை விட்டால் இந்த அக்காவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? பதினொரு வீட்டுக்கு ஓடிய எனக்கு ஒரு வீட்டுக்கு ஓம் சொல்லப் பயமாக இருந்தது. நிலத்தைப் பார்த்தேன்.

மகள் விளங்கியதுபோல் தலையாட்டினார். மூன்று தரம் கேட்க வேண்டும் என்று அவருக்கு என்ன விதி?

“விடு” என்றார் அன்ரி. “அந்தப் பிள்ளைக்குப் படிப்பிருக்கு.” முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மாதம் முடிவதற்குள் ஒரு வான் வண்டி வந்து அன்ரியின் சாமானை அஜக்ஸுக்கு ஏற்றிக்கொண்டு போனது. நான் அந்த மூன்று நாளைப் பற்றி அறிக்கை எழுதினேன். விரிவுரையாளர் வகுப்பிலேயே புகழ்ந்தார். உதவி தேவைப்பட்ட பதினொரு வீட்டிலும் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்பது உண்மைதான். பதினேழாம் மாடி அந்த அறிக்கையில் எங்கேயும் வராது. அந்த வீட்டைத்தான் நான் ஏற்கெனவே ‘இல்லை’ என்று குறித்து முடித்திருந்தேனே.

ஒக்ரோபரில் ரெயின் எடுத்து அஜக்ஸுக்குப் போனேன். ஸ்ரேசனிலிருந்து பஸ். பஸ்சால் இறங்கி வீடு வரை நடந்தபோது வீதியில் ஒரு மனிதரைக் காணவில்லை. அன்ரி கதவைத் திறந்தார். கொஞ்சம் மெலிந்திருந்தார். பெரிய சோபாவின் ஒரு நுனியில், யாரோ வீட்டுக்கு வந்தவர்போல இருந்தார். கோயிலைப் பற்றிக் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறார்களாம். மற்ற நாளில் ரீவியில் பூசை.

“அன்ரி, அண்டைக்கு ஆஸ்பத்திரியில நான் ஓம் எண்டு சொல்லியிருக்கோணும்.”

‘சேச்சே, அதொண்டுமில்லைப் பிள்ளை’ என்பார் என்று எதிர்பார்த்தேன். ரெயினில் வரும்போதே அதற்கு என்ன பதில் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

“ஓம்” என்றார் அவர். “சொல்லியிருக்கலாம்.”

பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தால் வந்து கதவைத் திறக்கும் வரைக்கும் நான் அங்கேயே இருந்தேன்.