இடது ஓரத்தில் நின்ற செபஸ்தி

போன மாதம் நம்முடைய சமஸ்தானக் கால்பந்து டீம் ஆறு கோல் வாங்கியது. அதைப் பார்க்க நான் மெனக்கெட்டுத் திருவனந்தபுரம் வரை போயிருந்தேன் — டிக்கெட் எடுத்து, வெயிலில் நின்று, தொண்டை கட்டும் வரை கத்தி! எதிரிகள், ஊரூராகச் சுற்றி ஆடிக்கொண்டு வரும் ஒரு பட்டாளத்து டீம். நாம் போட்ட கோல்? ஒன்றுமில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். பூட்ஸ் போடாததுதான் கேடு என்றார் ஒரு வக்கீல் குமாஸ்தா. கஞ்சி குடித்த உடம்பு தாங்காது, தினம் இரண்டு முட்டை கொடுக்க வேண்டும் என்றார் பக்கத்தில் இருந்தவர். பாறசாலையில் ஏறிய ஒருவர் ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை... ஆனாலும் கேப்டனுக்கு நேரம் சரியில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். நானும் சும்மா இருக்கவில்லை. ‘விளையாட்டு ரத்தத்தில் ஊற வேண்டும்’ என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது.

பையன்களுக்கு ஒழுங்காக யார் சொல்லித் தருகிறார்கள் என்று மட்டும் அந்த பஸ்ஸில் ஒருவரும் கேட்கவில்லை.

சொல்லித் தருகிற ஒருவரை எனக்குத் தெரியும். பெயர் தாசையன். மிஷன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவர். எட்டு மாதமாக, வாரம் மூன்று நாள், பள்ளி விட்டதும் சைக்கிளை மிதித்துக்கொண்டு மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக்குப் போகிறார். அங்கே மீன்பிடிக்கிற குடும்பத்துப் பையன்களுக்குப் பந்தாட்டம் சொல்லிக் கொடுக்கிறார். யாரும் சம்பளம் கொடுப்பதில்லை. இவர் புராட்டஸ்டண்ட், அவர்கள் கத்தோலிக்கர். பங்குச் சாமியாரிடம் அனுமதி கேட்கப் போனபோது, ‘பந்தை உதைக்கக் கற்றுக் கொடும், உம்முடைய சபைப் பாட்டைப் பாடக் கற்றுக் கொடுக்காதேயும்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்பினாராம்.

ஒருநாள் நானும் கூடப் போனேன். அடடா, என்ன பையன்கள்! மணலில் ஓடி ஓடிக் கால் இரும்பாகக் கிடக்கிறது. மூச்சு வாங்குவதே இல்லை. ஆனால் ஒரு வியாதி. பந்து எங்கே போனாலும் பதினோரு பேரும் அங்கே ஓடுகிறார்கள். கோலி கூட கோலை விட்டுவிட்டு ஓடி வருகிறான்!

“ஏலே, நீ எதுக்குலே அங்கேயிருந்து ஓடி வந்த?” என்று தாசையன் கோலியைப் பிடித்துக் கேட்டார்.

“மடி ஏறுது சார்... பாத்துட்டு நிக்கச் சொல்லுதியளா?”

விஷயம் இதுதான். கரமடி என்று ஒரு பெரிய வலை. கடலில் வளைத்துப் போட்டுவிட்டு, அதன் இரண்டு பக்கத்துக் கயிற்றையும் கரையில் நின்று ஆட்கள் இழுப்பார்கள். மீன் நிறைந்த மடி, அதாவது வலையின் பை, கரையேறும்போது கரையில் இருக்கிற அத்தனை பேரும் அதை நோக்கி ஓட வேண்டும். அந்த நேரத்தில் விலகி நிற்கிறவனுக்குப் பங்கு கிடையாது, வசவு உண்டு. நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பந்தும் ஒரு மடிதான். விலகி நில் என்று சொன்னால் எப்படி நிற்பார்கள்?

அதிலும் செபஸ்தி என்று ஒரு பையன். பதினேழு வயது, அந்தக் கூட்டத்தில் அவனைப் போல ஓடுகிறவன் கிடையாது. அவனை இடது ஓரத்தில் நிறுத்துவதற்குள் தாசையனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

“சும்ம நிக்கது நாணக்கேடுல்லா சார்? எங்க அப்பன் பாத்தா தோலை உரிச்சிருவாரு.”

“நீ நிக்கது சும்ம இல்ல மக்கா. நீ அங்க நின்னாத்தான் எதிராளி ஒருத்தன் உன்னயப் பாத்துட்டு அங்கயே நிப்பான். பந்து உன்னத் தேடி வரும். அதாக்கும் உனக்க வேலை.”

எட்டு மாதம் இதையே சொன்னார். ‘மடியை மறலே, மடியை மறலே’ என்று கத்திக் கத்தி அவருக்குக் குரலே மாறிவிட்டது. ஒருவழியாகச் செபஸ்தி நின்றான்.

சென்ற சனிக்கிழமை அவனுக்குப் பரீட்சை வந்தது. ஆறு கோல் வாங்கிய வெட்கத்தில், சமஸ்தானத்துக்கு இளைஞர் டீம் ஒன்று சேர்க்கலாம் என்று இரண்டு பெரிய மனிதர்கள் ஆள் பொறுக்க நாகர்கோவிலுக்கு வந்தார்கள். இருபத்திரண்டு பையன்களை இரண்டாகப் பிரித்து ஆடவிட்டார்கள். கடற்கரையிலிருந்து வந்தவன் செபஸ்தி ஒருவன்தான். மற்றவர்கள் பெரும்பாலும் காலேஜ் பையன்கள், ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள். அந்தப் பட்டியலில் பெயர் வந்தால் செபஸ்திக்குத் திருவனந்தபுரத்தில் சாப்பாடு, தங்க இடம், முறையான பயிற்சி. வராவிட்டால் திங்கட்கிழமை பழையபடி கயிறு.

பத்திரிகையில் நாலு எழுத்து எழுதுகிறவன் என்பதால் எனக்கு அந்தப் பெரியவர்களுக்குப் பக்கத்திலேயே நாற்காலி கிடைத்தது. தாசையனுக்குக் கோட்டுக்கு வெளியே, வெயிலில் இடம்.

விசில் ஊதியது. செபஸ்தி இடது ஓரத்துக்குப் போய் நின்றான். நின்றான்... நின்றுகொண்டே இருந்தான். பந்து வந்தால்தானே? காலேஜ் பையன்கள் தங்களுக்குள்ளேயே தட்டிக்கொண்டார்கள். பெரியவர்கள் முன்னால் எல்லோருக்கும் தானே கோல் போட்டுக் காட்ட வேண்டும். நடுவில் இருபது பேர் ஒரே கூட்டமாக முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒருவன் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறான் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கண்ணாடி போட்ட பெரியவர் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். “அந்தப் பையன் என்ன, வேடிக்கை பார்க்க வந்தானா?”

நான் சொல்லியிருக்கலாம். அவன் ஏன் நிற்கிறான் என்று இரண்டு வரியில் விளக்கியிருக்கலாம். சொல்லவில்லை. பெரிய இடத்து நாற்காலியில் உட்கார்ந்தால் வாய் ஏனோ ஒட்டிக்கொள்கிறது. சிரித்து வைத்தேன். அதற்காக இன்னும் வெட்கப்படுகிறேன்.

பாதி ஆட்டம் முடிந்ததும் எழுந்து தாசையனிடம் போனேன். செபஸ்தி அங்கே வந்து நின்றான். உடம்பில் வியர்வைகூட இல்லை. அழுதுவிடுவான் போல இருந்தது.

“சார்... நான் உள்ள ஓடட்டா?”

தாசையன் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. எட்டு மாதத்துப் பாடத்தைக் காப்பாற்றுவதா, பையனைக் காப்பாற்றுவதா?

“ஓடு மக்கா. நான் சொன்னது ஒண்ணும் பாக்காண்டாம். உள்ள போயி பந்தை எடு.”

செபஸ்தி போகவில்லை. திரும்பி இடது ஓரத்தைப் பார்த்தான்.

“நான் உள்ள போனா, அங்க யாரு சார் நிப்பா?”

விசில் ஊதியதும் பழைய இடத்துக்கே போய் நின்றுகொண்டான்.

அந்த நேரத்தில்தான் அவன் அம்மா பிலோமி வந்து சேர்ந்தாள். சந்தையில் மீன் விற்றுவிட்டு, காலிக் கடவப் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே வந்திருந்தாள். பந்தாட்டம் என்று ஒன்றை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். பத்து நிமிஷம் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

“சாரே, எனக்க பிள்ளைக்கு ஒருத்தனும் பந்து குடுக்கமாட்டங்கானுவளே, பாத்தியளா?”

“பார்த்தேன் அம்மா.”

“கரமடி இழுக்கப்போ ரெண்டு கயிறும் ஒருபோல வரணும் சாரே. ஒரு பக்கத்துல ஆளில்லேன்னா மடி சரிஞ்சு மீனு ஒக்க வெளிய சாடிப் போவும். இங்க எல்லாவனும் சேந்து ஒரு கயித்தையில்லா இழுக்கியானுவ! மத்த கயித்துக்கு எனக்க பிள்ளை ஒருத்தன். அவன் இன்னும் விடல்ல. அந்த எழுதுத ஆளுக்கு அது தெரியுமா? நீங்க படிச்ச ஆளுல்லா, போயி சொல்லுங்க.”

தாசையன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். “மடி ஏறுததை மட்டும்தான்டே நான் பாத்தேன்,” என்றார் என்னிடம், மெதுவாக. “அந்த ரெண்டு கயிறு எனக்குத் தோணவே இல்லியே. அதைச் சொல்லியிருந்தா எட்டு நாளுல படிச்சிருப்பானுவ.”

எனக்கோ அந்த ஆறு கோல் ஞாபகம் வந்தது. அத்தனையும் நாம் ஆள் இல்லாமல் விட்ட பக்கமாகத்தான் வந்தன. நம் டீமில் ஆடத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. நடுவில் நிற்க ஆசைப்படாதவர்களும் யாரும் இல்லை. டீமை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? நாம் எல்லோருமே கூட்டம் இருக்கிற இடத்துக்குத்தானே ஓடுகிறோம்!

ஆட்டம் முடியச் சில நிமிஷம் இருந்தபோது யாரோ தப்பாக அடித்த பந்து இடது ஓரத்துக்கு உருண்டது. செபஸ்தி எடுத்தான். அப்புறம் நான் பார்த்தது முதுகை மட்டும்தான் — அப்படி ஓர் ஓட்டம். மூலையிலிருந்து அளந்து தூக்கிக் கொடுத்தான். நடுவில் நின்ற காலேஜ் பையன் தலையால் முட்டினான். கோல்! எல்லோரும் முட்டியவனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். பிலோமி மட்டும் இடது ஓரத்தைப் பார்த்துக் கை தட்டினாள்.

நான் நாற்காலிக்குத் திரும்பினேன். பெரியவர் பட்டியலை வாசித்தார். முட்டியவன் பெயர் முதலில். வரிசையாகப் பத்துப் பெயர். கடைசியில், “இடது ஓரத்துக்கு மட்டும் தகுந்த ஆள் கிடைக்கவில்லை” என்றார்.

எழுந்தேன். “நாள் முழுக்க அங்கே ஒருவன் நின்றானே சார்!”

“நின்றுகொண்டே இருந்தான். அதுதானே குறை?”

“அது அவன் வேலை சார். பந்தைக் கொடுக்காதது மற்றவர்கள் குறை. ஒரு தடவை தப்பித்தவறி வந்தது, கோல் ஆயிற்று.” பிலோமி சொன்ன இரண்டு கயிற்றையும் சொன்னேன். என் சொந்த யோசனை போலச் சொல்லவில்லை. அவளைக் காட்டியே சொன்னேன்.

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். செபஸ்தியைக் கூப்பிட்டுப் பெயர் கேட்டார். பேனாவை மூடிவிட்டு, பையிலிருந்து பென்சிலை எடுத்துப் பதினோராவதாக எழுதிக்கொண்டார். “திருவனந்தபுரம் போய் யோசிக்கிறேன்,” என்றார். போகும்போது என் கையைக் குலுக்கி, வாராவாரம் என் பத்தியைத் தவறாமல் படிப்பதாகவும் சொன்னார்.

படிக்கிறீர்கள் அல்லவா, ஐயா? ரப்பரைக் கையில் எடுத்துவிடாதீர்கள்!