கதவுவரை வந்த கவிதைகள்

மனைவி இறந்த பிறகுதான் அவர் கவிதை எழுத ஆரம்பித்தார். பாயான் பாருவில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் எனக்கு மூத்தவர். எழுதியதை எனக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்புவார்.

முதல் கவிதையில் அவள் ஈரக் கூந்தலோடு கல்லறைத் தோட்ட வாசலில் நின்றாள். அடுத்ததில் அவருடைய அடுக்குமாடி லிஃப்டில் தனியாக ஏறினாள். மூன்றாவதில் கதவுக்கு வெளியே நின்று அவரைக் கூப்பிட்டாள். அழகான வரிகள்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் அவள் இன்னும் கிட்டே வந்துகொண்டிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தேவாலயப் பூசைக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. பயந்துபோய் அவர் வீட்டுக்கு ஓடினேன். கதவு அகலத் திறந்து கிடந்தது. முகம் மழித்து, கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எங்கண்ணே கிளம்பிட்டீங்க?"

"அவ வந்து கூப்பிட்டா போகணும்லா தம்பி."

"முதல்ல என்கூட வாங்கண்ணே. காடி கீழதான் நிக்குது."

கையைப் பிடித்து, காரில் ஏற்றி, நேராக டாக்டரிடம் கூட்டிப்போனேன். பிறகு இரண்டு மாதம் எங்கள் வீட்டில் இருந்தார். மெல்லத் தேறினார், வேலைக்கும் திரும்பினார். எழுதுவதை மட்டும் விட்டுவிட்டார்.

ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்: "எழுதாம இருந்தா அவ முகமே மறந்துபோகுது தம்பி."

அவரை எழுதச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.